மூணாஞ்சீட்டு

வாயில் ஆறு குண்டூசி இருந்ததால் அவளால் கத்த முடியவில்லை. பள்ளிக்கூட டீச்சர் மூன்று மடிப்புக் கண்ணாடி முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு சிலை மாதிரி நின்றிருந்தார். அவள் தரையில் முழங்காலிட்டு, டீச்சரின் புது உடுப்பின் கீழ்விளிம்பை மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் அரை அங்குலம் இறங்கியிருக்கிறதே, துணி கோணலா இல்லை டீச்சரின் இடுப்பே கோணலா, இடுப்பென்றால் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று ஒரே யோசனை. அந்த நேரம் பார்த்து உள்ளறைக் கதவு திறந்தது. மதியத் தூக்கம் கலைந்த தலையோடு, சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு, அவள் கணவர் வந்து நின்றார். முப்பத்திரண்டு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். தெருவுக்கே அவர் டிரைவர், அவள் டெய்லரம்மா.

"யார்ரா நீ?" என்றார்.

டீச்சர் பதறித் திரும்பினார். ஆனால் அவர் டீச்சரைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னைத்தான்டா கிழட்டுப் பயலே. என் பொண்டாட்டி பக்கத்துல உனக்கென்னடா வேலை? முறைக்கிற? முறைப்பியா நீ?"

வெட்டுமேசை மேலே கிடந்த மர அளவுகோலை எடுத்து ஒரே வீச்சு. வலது மடிப்பில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியது. டீச்சர் போட்ட உடுப்போடும் குத்திய ஊசியோடும் தெருவில் இறங்கியவர்தான், செருப்பை எடுக்கக்கூட மறுநாள்தான் ஆள் அனுப்பினார். அவள் எழுந்து அவர் கையைப் பிடிக்கப் போனாள். அவர் அவளை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடியை நெருங்கினார். உடையாத நடு மடிப்பில் தெரிந்த அவள் முகத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"மூணாஞ்சீட்டு, பயப்படாத. நான் இருக்கேன்ல."

அவள் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து கேட்டு எட்டு மாசம் ஆகியிருந்தது.

எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு காலையில் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது, "ரொம்ப நன்றிங்க, இங்க ரூம் வாடகை எவ்வளவு?" என்று கேட்டார். கிண்டல் என்று நினைத்து, "உங்களுக்கு ஓசிதான்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. மதியத்துக்குள் அவளை டெய்லரம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். வாசலில் வருகிறவர்கள் எல்லாம் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள், அவரும் பிடித்துக்கொண்டார். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. "டெய்லரம்மா, சிரமத்துக்கு மன்னிக்கணும், கொஞ்சம் தண்ணி." சாப்பிட்டு முடித்தால், "வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்குங்க." அவள் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொள்வாள். தண்ணீர்ச் சத்தத்தில் மூக்கைச் சிந்துவது வெளியே கேட்காது.

கண்ணாடி உடைந்த வாரமே மகள் அவர்களை டாக்டரிடம் கூட்டிப்போனாள். மகள் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் குடியிருக்கிறாள், ஒரு மருந்து கம்பெனியில் கணக்கராக வேலை பார்க்கிறாள், எதையும் பட்டியல் போட்டுத்தான் பேசுவாள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாக்பீஸ் ஏதாவது இருக்கா?" என்றார். கேட்ட இடம் அப்படி! அவள் கைப்பையில் துணிக்குக் கோடு போடும் சாக்குக்கட்டி இல்லாத நாள் ஏது? டாக்டர் அதை விரலில் தேய்த்துக்கொண்டு, காய்ச்சல் பார்ப்பதுபோல அவர் நெற்றியைத் தொட்டார். வெள்ளையாக ஒரு புள்ளி. பிறகு கைகழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடி முன்னால் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்தத் தடவை கோபப்படவில்லை, அடிக்கிற அளவுக்கு அந்த ஆள் அங்கே ஒன்றும் செய்யவில்லை போல. "பாவம், பெரியவர் நெத்தியில என்னமோ ஒட்டியிருக்கு பாருங்க" என்று கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். போகவில்லை. எச்சில் தொட்டு மறுபடியும் துடைத்தார். "அசையாம நில்லுங்க சார், ஒரு நிமிஷம்."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு ஞாபகம் இருக்க வழியில்லை. ஆனால் அம்மாவுக்கு இருந்தது. அப்போது மகளுக்கு ஒன்றரை வயசு. தத்தித் தத்தி வந்து அம்மாவின் சாக்குக்கட்டியை எடுத்து மூக்கில் அப்பிக்கொண்டு, இதே மூன்று மடிப்புக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அதுவரைக்கும் கண்ணாடிக்குள் இருக்கிற பாப்பாவுக்கு முத்தம் கொடுக்கும், பிஸ்கட்டை நீட்டும், பாப்பா வாங்கவில்லை என்றால் அழும். அன்றைக்கு மட்டும் கை மெல்லத் தன் மூக்குக்குப் போனது. தொட்டது. கண்ணாடியைப் பார்த்தது. மறுபடி தொட்டது. அப்புறம் ஒரு சிரிப்பு! வெட்டுமேசையோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் குதித்தே விட்டார். "ஏய் மூணாஞ்சீட்டு, இவ இவளைக் கண்டுபிடிச்சுட்டாடி!" ஒரு மாசம் பஸ்ஸில் ஏறியவர்கள் இறங்கியவர்கள் எல்லாரிடமும் அதே கதை. கண்டக்டரே கடுப்பாகி, "யோவ், டிக்கெட்டோட சேத்து இதையும் குடுத்துடவா?" என்று கேட்டாராம்.

"பொறக்கும்போதே 'நான்'னு ஒண்ணு கூடப் பொறக்கறதில்லைம்மா" என்றார் டாக்டர். "ஒன்றரை, ரெண்டு வயசுலதான் கண்ணாடியில இருக்கிறது நாமன்னு பிடிபடுது. அப்புறம் வருஷா வருஷம் அதோட ஒவ்வொண்ணா சேத்துத் தச்சுக்கிட்டே வர்றோம். உங்க தொழில் பாஷையில சொல்றதுன்னா, இவருக்கு இப்பத் தையல் கடைசியிலேருந்து பிரிஞ்சுக்கிட்டே வருது. இவர் மனசுல இருக்கிற இவருக்கு முப்பது வயசு இருக்கும். கண்ணாடியில தெரியுற கிழவர் யாரோ."

"அப்ப என்னை மட்டும் எப்படித் தெரியுது? எனக்கும்தான் நரைச்சுப் போச்சு."

"சில பேருக்கு அடுத்தவங்க முகம் நிக்கும். சொந்த முகம்தான் மொதல்ல போகும்."

"நேர்ல என்னைத் தெரியலையே டாக்டர். கண்ணாடியில பாத்தாத்தானே தெரியுது."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அது எனக்குத் தெரியலம்மா" என்றார். நல்ல மனுஷன், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டார். வீட்டில் இருக்கிற கண்ணாடிகளையெல்லாம் மூடிவிடச் சொல்லி, மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

டாக்டருக்குத் தெரியாவிட்டால் என்ன, அவளுக்குத் தெரிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலே இருந்த நீளக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு. ஆயத்த ஆடைக் கம்பெனியில் காலர் தைக்கிற வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு காலர். முழுச்சட்டை எப்படி இருக்கும் என்றே மறந்துபோகும். காலையில் ஏழு இருபது வண்டியில் ஏறி, இடது பக்கம் மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் உட்காருவாள். வீட்டில் நாலு அக்காக்களுக்கு அப்புறம் பிறந்தவள். "அவளா? அவ கடைசி" என்பதற்கு மேல் அவளைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. கம்பெனியில் அவள் பதினேழாம் மெஷின். அப்படிப்பட்டவளை ஒருத்தன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிய ஒரு மாசம் ஆனது. திரும்பிப் பார்க்கமாட்டான், வழியமாட்டான். அவள் இறங்க எழுந்தால் போதும், அடுத்த நொடி பிரேக்கில் கால் அமரும். குலுக்கல் இருக்காது. நிறைமாசப் பிள்ளைத்தாய்ச்சியை இறக்குகிற மாதிரி வண்டி நிற்கும், வாசல்படி சரியாக நடைபாதையை ஒட்டி. அவள் இறங்கி, ஓரத்துக்குப் போய், முந்நூறு காலர்களை நோக்கி நடக்க ஆரம்பிக்கிற வரைக்கும் வண்டி நகராது. பின்னால் ஹாரன் அடிப்பார்கள். கண்டக்டர் கத்துவார். "என்னய்யா, மூணாஞ்சீட்டு எறங்கியாச்சு, ரோட்டைப் பாரு!"

அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். கல்யாணத்துக்கு அப்புறமும் அவர் அதை விடவில்லை. முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு, இத்தனை பேர் ஏறி இறங்குகிற உலகத்தில் ஒரு ஆளுக்காவது தான் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்திருக்கிறதே என்று அதைப் பிடித்துக்கொண்டாள். அக்காக்களுக்குக் கடைசி, தெருவுக்கு டெய்லரம்மா, மகளுக்கு அம்மா. அதெல்லாம் அவள்தான், சரி. ஆனால் குளிக்கும்போது தனக்குள்ளேயே பேசிக்கொள்கிறாளே ஒருத்தி, கெட்ட வார்த்தை தெரிந்தவள், சத்தமாகச் சிரிக்கிறவள், அவளுக்குப் பெயர் மூணாஞ்சீட்டு. அவளை அறிந்தவர் உலகத்தில் ஒரே ஆள்.

மகள் கண்ணாடிகளை மூடினாள். குளியலறைக் கண்ணாடிக்குத் துண்டு, அலமாரிக் கண்ணாடிக்குப் பழைய காலண்டர் தாள், மூன்று மடிப்புக்குக் கெட்டியான திரைத்துணி. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். "கண்ணாடி இல்லாத டெய்லர் கடையா? நாங்க எப்படித்தான் பாக்குறது?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "நான் பாத்துச் சொல்றேன், என் கண்ணு நல்ல கண்ணுதான்" என்று சமாளித்தாள். அவளும் தன் முகத்தைப் பார்த்து வாரக்கணக்கானது. கைத்தடவலில் தலை சீவினாள். ஒருநாள் மளிகைக்கடைக் கதவுக் கண்ணாடியில் எதிரே ஒரு பெண் வந்தாள், வழிவிடலாம் என்று ஒதுங்கினாள், அந்தப் பெண்ணும் ஒதுங்கினாள். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவரோ அமைதியாக இருந்தார். அதுதான் தாங்கவில்லை. "டெய்லரம்மா, இன்னைக்கு வெயில் ஜாஸ்திங்க" என்பார். அவ்வளவுதான்.

பருமனான பெண்கள் சிலர் உடுப்பைப் போட்டுப் பார்க்க வந்தால் தங்கள் இடுப்பைத் தாங்களே பார்க்க விரும்பமாட்டார்கள். அவர்களுக்காக அவள் கண்ணாடி மடிப்புகளைச் சற்று சாய்த்து வைப்பாள், கழுத்தும் தோளும் மட்டும் தெரியும், சந்தோஷமாகப் போவார்கள். தொழில் ரகசியம். அந்த ரகசியத்தை ஒரு நாள் மூன்று மணிக்கு, கடைக்கதவைச் சாத்திவிட்டு, தன் புருஷன் மேல் பிரயோகித்தாள். உடையாத இடது மடிப்பின் துணியை மட்டும் விலக்கினாள். அவர் நாற்காலியைச் சுவரைப் பார்த்தாற்போலப் போட்டாள். தன் முக்காலியை அவருக்குப் பின்னால், எதிர்மூலையில். மடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அவர் பார்வைக்கு அவர் விழாமல், அவள் மட்டும் விழுகிற கோணத்தைப் பிடித்தாள். நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் சாக்குக்கட்டியால் குறி போட்டாள். பஸ்ஸின் நீளக் கண்ணாடி எந்தக் கோணமோ அந்தக் கோணம்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்வது என்பார்களே, அதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"ஏய் மூணாஞ்சீட்டு! எங்கடி போயிட்ட இத்தனை நாளா?"

"எங்க போவேன்? இங்கதான் இருக்கேன்."

"பொய். அந்த டெய்லரம்மா வீட்டுல என்னை விட்டுட்டுப் போயிட்ட."

"ஏன், அந்தம்மா நல்லாப் பாத்துக்கலையா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நல்ல பொம்பளதான். ஆனா வாய் ஓயாதுடி. மாத்திரை மாத்திரைன்னு உயிரை எடுக்குது." பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, "அதுவும் பாவம், அடுப்படியில நின்னு அழுவுது. யாருமில்ல போல. நீ ஒருநாள் வந்து என்னன்னு கேளேன்."

அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். கேக்கிறேன் என்றாள்.

தினமும் மூன்று மணி. அவர் பழைய ரூட்டையெல்லாம் சொல்வார், எந்த வளைவில் எந்த மரம் என்பார், அவள் வைவாள், அவர் திருப்பி வைவார். நாலு மணிக்குத் துணியை இழுத்து மூடிவிடுவாள். மூடியதும் எதிரே போய் நின்றால், "டெய்லரம்மா, இப்ப இங்க ஒரு பொண்ணு இருந்துச்சே, பாத்தீங்களா?" என்பார். அப்போது தன் மேலேயே அவளுக்குப் பொறாமையாக இருக்கும்.

மூன்றாவது வாரம் மகள் சொல்லாமல் வந்தாள். வந்தபோது மணி நாலே கால். அவள் அடுப்படியில் இருந்தாள். மகள் கடையறையில் அப்பாவைக் கண்டுபிடித்தாள். அவர் தரையில் முட்டிபோட்டு, கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையில் உள்ள சந்துக்குள் தோள்வரை கையை நுழைத்துத் துழாவிக்கொண்டிருந்தார். முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது.

"உள்ள மாட்டிக்கிட்டாம்மா. இவ்வளவு நேரம் பேசிக்கிட்டிருந்தா. கை குடுறின்னா குடுக்கமாட்டேங்குறா."

மகள் காயத்துக்கு மருந்து போட்டு, அவரைப் படுக்க வைத்தாள். தரையில் இருந்த சாக்குக்கட்டிக் குறிகளைப் பார்த்தாள். இதற்கெல்லாம் பட்டியல் தேவைப்படவில்லை.

"எத்தனை நாளா நடக்குது?"

"மூணு வாரம்."

"தெனமும் இப்படித்தான் தேடுறாரா?"

அவளுக்குத் தெரியும். நாலரை மணிக்கு அவர் நகங்களைச் சுத்தம் செய்கிறவள் அவள்தானே.

"யாருக்காகம்மா இதைப் பண்ற? அவருக்காகவா, உனக்காகவா?"

"எனக்காகத்தான்" என்றாள்.

மகள் சண்டைக்குத் தயாராக வைத்திருந்த மிச்ச வார்த்தைகளை விழுங்கிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டாந்து கண்ணாடிய எடுத்துட்டுப் போயிடுறேன்மா" என்றாள் கடைசியில். "அவர் கை வலிக்கும்மா."

"எடுத்துட்டுப் போ."

வெள்ளிக்கிழமை வரைக்கும் அவள் துணியைத் தொடவில்லை. மூன்று மணி ஆனால் மெஷினில் உட்கார்ந்து காரணமில்லாமல் பழந்துணியைத் தைத்துப் பிரித்தாள். சனிக்கிழமை மூன்று மணிக்கு, ஒரே ஒரு தடவை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கதவைச் சாத்தினாள். இறங்குகிறேன் என்று சொல்லிவிட்டாவது இறங்கலாமே. அப்புறம் அவர் தேடமாட்டார், தேடினாலும் சுவரில் தேடமாட்டார். இரண்டே வார்த்தை. ஊருக்குப் போறேன், வர நாளாகும். தலையை வழக்கம்போலக் கைத்தடவலில் சீவிக்கொண்டாள், நாற்காலியைக் குறியில் வைத்தாள், அவரை உட்கார வைத்தாள், துணியை விலக்கினாள், முக்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அவர் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். பார்வை அவள் மேல் வந்தது, ஒரு கணம் நின்றது, மரியாதையாக விலகிக்கொண்டது. முன்னால் உள்ள சுவருக்குப் போனது. பிறகு மறுபடி ஒருதரம் கண்ணாடிக்கு. சன்னலுக்கு. சுவருக்கு.

அவள் காத்திருந்தாள். தெருவில் யாரோ தண்ணீர் குடம் இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"என்னங்க" என்றாள்.

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க. மூணாஞ்சீட்டு." அந்தப் பெயரைத் தன் வாயால் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அது வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசுவது மாதிரி இருந்தது. கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். எத்தனை நரை, வகிடு எவ்வளவு கோணல். அந்தப் பெண்ணின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அவர் கண்ணாடியில் அவளை ஒருமுறை பார்த்து லேசாகத் தலையசைத்தார். ஏறுகிற யாருக்கும் அசைக்கிற தலை. இரண்டு கைகளும் மடியின் மேல் வட்டமாகக் கிடந்தன, ஏதோ ஒன்றைத் தளர்வாகப் பிடித்திருப்பதுபோல.

ஊருக்குப் போறேன் என்று யாரிடம் சொல்வது? சரி, துணியை மூடிவிடலாம் என்று முக்காலியிலிருந்து எழுந்தாள்.

அவருடைய வலது கால் தரையில் நகர்ந்தது. பாதம் முன்னால் போய், குதிகால் ஊன்றி, மெல்ல, மிக மெல்ல, அழுந்தியது. குலுக்கல் இல்லை. கண்கள் சுவரிலிருந்து கண்ணாடிக்கு வந்து அவள் மேல் நின்றன. யார் என்று தெரியாத அந்தப் பெண் பத்திரமாக இறங்கி, ஓரத்துக்குப் போகிற வரைக்கும் அவை அங்கேயே இருக்கும். வெறுந்தரையை மிதித்த கட்டைவிரல் வெளுத்துப்போயிருந்தது.

அவள் நின்றாள். திரைத்துணி கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவர் காலை எடுக்கவில்லை. பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் எடுக்கப்போவதில்லை.

அவள் திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் கண்ணாடியில் இன்னும் ஒரு நொடி பார்த்தார். பிறகு பாதம் மெல்ல மேலெழுந்தது. கண்கள் சுவருக்குத் திரும்பின. மடியில் இருந்த கைகள் லேசாக இடது பக்கம் வளைந்தன.